எழுந்திருக்க மறுக்கும் சர்வர்: எங்கே தொடங்குவது?

"சர்வர் ஆன் ஆகவில்லை" என்று யாராவது போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி "எதுவரை வந்தது?" என்பதுதான். பெரும்பாலும் "ஒன்றுமே வரவில்லை சார்" என்றுதான் பதில் வரும். கொஞ்சம் துருவிக் கேட்டால், பேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு கூட மின்னுகிறது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படியானால் நிறைய வந்திருக்கிறது. எங்கே நின்றது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்வர் என்றவுடன் ஏ.சி. அறையில் அடுக்கி வைத்த இரும்புப் பெட்டிகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். இன்று பல வீடுகளிலும் சிறு கடைகளிலும் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸ் 10 தொகுப்பிற்கான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள், அவற்றில் உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பைப் பதிந்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, பைல் சர்வராகப் பயன்படுத்துகின்றனர். நல்ல யோசனைதான். ஆனால் மானிட்டரும் கீ போர்டும் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் கம்ப்யூட்டர், ஒரு நாள் எழாமல் போனால் வீட்டில் யாருக்கும் எதுவும் புரிவதில்லை.

எழும் வரிசை

எந்தக் கம்ப்யூட்டரும் ஒரே மூச்சில் எழுவதில்லை. முதலில் பவர் சப்ளை மின்சாரம் தருகிறது. மதர்போர்டில் உள்ள பயாஸ் (புதியவற்றில் யு.இ.எப்.ஐ.) ராம், கீ போர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பின்னர் ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அதில் உள்ள பூட் லோடரை அழைக்கிறது. லினக்ஸில் இது பெரும்பாலும் கிரப். கிரப், கெர்னலை மெமரிக்கு ஏற்றுகிறது. கெர்னல் எழுந்து, ரூட் டிஸ்க்கைத் திறந்து, பொறுப்பை சிஸ்டம்டி என்னும் புரோகிராமிடம் ஒப்படைக்கிறது. அது மற்ற டிஸ்க்குகளை இணைத்த பின்னரே சம்பா, அப்பாச்சி, மை எஸ்.க்யூ.எல். போன்ற சேவைகளைத் தொடங்கும். கடைசிப் படியில் சிக்கல் என்றால் சர்வர் எழுந்துவிட்டது, வேலைக்காரர் ஒருவர் வரவில்லை என்று பொருள். முதல் படியில் சிக்கல் என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதே வீண்.

எனவே முதல் மருந்து ஒரு மானிட்டரும் ஒரு கீ போர்டும். மானிட்டர் மாட்டாமல் ரீ ஸ்டார்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது, கண்ணைக் கட்டிக்கொண்டு நோயாளியைப் பரிசோதிப்பதற்குச் சமம்.

மானிட்டர் மாட்டியும் திரை இருட்டாகவே இருந்தால், பழைய வைத்தியமே போதும். மின் இணைப்பை அடியோடு எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தவும். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கவும். மதர்போர்டில் உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்னரும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். வேறொரு பவர் சப்ளையை மாட்டிச் சோதிப்பதே சரி. இந்தப் படியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி அடுத்த படிகளில்தான்.

ஒரு போட்டோ ஸ்டூடியோவின் சர்வர்

எங்கள் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ உள்ளது. அதன் உரிமையாளர் திருமணப் படங்களை எல்லாம் இப்படிப்பட்ட சர்வர் ஒன்றில் வைத்திருந்தார். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது அமைத்துக் கொடுத்தது. 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் உபுண்டு. படங்களுக்கு ஒரு 2 டி.பி. டிஸ்க். இரவுதோறும் அந்தப் படங்கள் காப்பி ஆவதற்கு இன்னொரு 2 டி.பி. டிஸ்க். சொல்லப்போனால் பல அலுவலகங்களை விட ஒழுங்கான அமைப்பு. எட்டு மாதமாக ஒரு நாளும் நிறுத்தாமல் ஓடியது.

ஒரு மாலை மின்வெட்டு வந்தது. யு.பி.எஸ். பேட்டரி தன் ஆயுள் முடிந்துவிட்டதை அன்றுதான் தெரிவித்தது. கரண்ட் வந்த பின்னரும் ஸ்டூடியோ கம்ப்யூட்டர்களில் படங்கள் போல்டர் திறக்கவில்லை. அவர் பட்டனை அழுத்தி நிறுத்துவதும் போடுவதுமாக ஒரு நாளைக் கழித்திருந்தார். அவர் அழைத்துவந்த டெக்னீஷியன், "பார்மட் செய்து புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக அவர் அதற்கு ஒப்பவில்லை.

"சார், வெள்ளிக்கிழமை ஆல்பத்துக்குப் படம் கொடுக்கணும். போன வாரக் கல்யாணம், எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

"கேமரா கார்டுல இருக்கா?"

"அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டோம் சார். அழிச்சாச்சு."

"அப்ப காப்பி?"

"அந்தப் பெட்டிக்குள்ளயே இன்னொரு டிஸ்க் இருக்கு, தினமும் காப்பி ஆகுதுன்னு அக்கா பையன் சொன்னான்."

எழாத சர்வரைத் தொடும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். வேறெங்காவது காப்பி இருக்கிறது என்றால் தைரியமாக எதையும் செய்து பார்க்கலாம். இல்லை என்றால் சர்வரை எழுப்புவது இரண்டாவது வேலை. டிஸ்க்கில் உள்ளதைக் காப்பதுதான் முதல் வேலை. இரண்டும் ஒன்றல்ல, பல சமயம் ஒன்றுக்கொன்று எதிரி. எழுப்பும் முயற்சியில் சிஸ்டம் டிஸ்க்கில் எழுதும். சரிபார்க்கும் புரோகிராம் "சரி செய்கிறேன்" என்று எதையாவது வெட்டி எறியும்.

எப்1 அழுத்துங்கள்!

மானிட்டர் மாட்டியவுடன் முதல் விஷயம் தெரிந்துவிட்டது. பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எப்1 கீயை அழுத்தவும் என்று திரையில் எழுதியிருந்தது. கீ போர்டே இல்லாத கம்ப்யூட்டர், எப்1 அழுத்தச் சொல்லி ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறது.

காரணம் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி. சி.ஆர்.2032 என்று கடையில் கேட்டால் தருவார்கள், 3 வோல்ட். கடிகாரமும் பயாஸ் அமைப்புகளும் மறக்காமல் இருப்பதற்காக இது உள்ளது. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை இந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. அதனால் இது செத்துப்போனது எட்டு மாதமும் தெரியவில்லை. மின்சாரம் முழுதாக நின்ற அன்று எல்லாம் மறந்துபோனது. பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக மாற்றும்போதே இதை மாற்றிவிடுவது நல்லது. விலை ஒரு பெரிய விஷயமே இல்லை.

பயாஸ் மறப்பதில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். டிஸ்க்கை எந்த முறையில் அணுகுவது என்ற அமைப்பு, ஏ.ஹெச்.சி.ஐ. என்பதிலிருந்து ஐ.டி.இ. என்று மாறிவிடலாம். லினக்ஸ் பெரும்பாலும் இதைப் பொறுத்துக்கொள்ளும். விண்டோஸ் என்றால் 7பி என முடியும் எண்ணுடன் நீலத் திரை வரக்கூடும். அதைப் பார்த்து விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மீண்டும் பதிபவர்கள் உண்டு. எந்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்வது என்ற வரிசையும் மாறிவிடும். இங்கே அதுதான் நடந்திருந்தது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து எப்1 அழுத்தினால், பூட் செய்யத்தக்க டிஸ்க் இல்லை என்று செய்தி. பயாஸ், படங்கள் இருந்த டிஸ்க்கை முதலாவதாக வைத்துக்கொண்டு அதில் சிஸ்டத்தைத் தேடிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.டி.யை முதலில் வைத்துச் சேவ் செய்தேன். மற்றபடி பட்டியலில் மூன்று டிஸ்க்குகளின் பெயர்களும் இருந்தன.

உரிமையாளர் முகத்தில் தெளிவு. "மூணும் இருக்கே சார்!" பயாஸில் பெயர் தெரிவதற்கும் டிஸ்க் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. பெயரைச் சொல்வது டிஸ்க்கின் கீழே உள்ள சர்க்யூட். படங்கள் இருப்பது உள்ளே சுற்றும் தட்டில்.

இரண்டு வரிகள்

உபுண்டுவை எழவிடும் முன் ஒரு காரியம் செய்தேன். படங்கள் உள்ள டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டேன். திடீரென மின்சாரம் நின்ற டிஸ்க்கை, அடுத்த முறை எழும்போது சிஸ்டம் தானாகவே சோதித்துத் திருத்த முயலலாம். அதற்கு முன் அந்த டிஸ்க்கின் உடல்நிலை எனக்குத் தெரிய வேண்டும்.

கிரப் வந்தது. கெர்னல் வந்தது. வரிகள் ஓடின. பின்னர் சிவப்பு நட்சத்திரம் ஒன்று இங்கும் அங்கும் ஓட, ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கணக்கு. லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். டிஸ்க்குகளின் பட்டியல், இடிசி போல்டரில் எப்.எஸ்.டேப் என்ற பைலில் உள்ளது. அதில் எழுதியுள்ள டிஸ்க் ஒன்று வராவிட்டால், சிஸ்டம்டி 90 விநாடிகள் பொறுமையாகக் காத்திருக்கும். அப்புறமும் வராவிட்டால், எமர்ஜென்சி மோடில் இருக்கிறீர்கள் என்று சொல்லி நின்றுவிடும். நெட்வொர்க் வராது, சம்பா வராது. வெளியிலிருந்து பார்த்தால் சர்வர் செத்துவிட்டது போல இருக்கும். உபுண்டு 2015ல் 15.04 பதிப்பிலிருந்து சிஸ்டம்டிக்கு மாறியது முதல் இதே வழக்கம்தான்.

கேபிளைக் கழற்றியிருந்ததால் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் இரண்டு டிஸ்க்குகளுக்காக மாறி மாறி வரிகள் வந்தன. இரண்டாவது, காப்பி டிஸ்க். அது மாட்டித்தான் இருக்கிறது, பயாஸில் பெயரும் இருக்கிறது. இருந்தும் லினக்ஸுக்கு அது கிடைக்கவில்லை.

துபாய்க்குப் போன் போட்டு ரூட் பாஸ்வேர்டு வாங்கினோம். ஜர்னல்சிடிஎல் என்னும் கமாண்டில், சிறு கோடு பி, இடைவெளி, சிறு கோடு 1 என்று சேர்த்தால், இதற்கு முந்தைய முறை கம்ப்யூட்டர் ஓடியபோது எழுதிய லாக் முழுவதும் கிடைக்கும். சர்வர் எழாதபோது எல்லாரும் இன்றைய லாக்கைத்தான் பார்க்கிறார்கள். நேற்றைய லாக்கில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

இருந்தது. ஒன்றரை மாதத்திற்கு முன்பிருந்தே காப்பி டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் முடியவில்லை என்ற எர்ரர் வரிசையாக வந்திருந்தது. இரவுதோறும் காப்பி செய்யும் கமாண்ட், இரவுதோறும் தோல்வி அடைந்து அதைத் தன் லாக்கில் எழுதிவிட்டுப் போயிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் தன் குறைகளை எல்லாம் மறைத்துக்கொள்ளும். செத்த பேட்டரி, செத்த டிஸ்க், செத்த யு.பி.எஸ். மூன்றும் வெவ்வேறு நாளில் போனவை. மூன்றும் ஒரே மாலையில் வெளிப்பட்டன.

அதாவது போன வாரத் திருமணத்தின் ஒரே காப்பி, நான் கேபிள் கழற்றி வைத்திருந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. அந்தக் கார்டு அழிந்துவிட்டது, காப்பி டிஸ்க் அந்தத் திருமணத்துக்கு முன்பே போய்விட்டது. உரிமையாளர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

முதலில் நகல், பிறகு சிகிச்சை

இந்த இடத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. சர்வரை அப்படியே எழவிட்டு "படம் தெரிகிறதா" என்று பார்ப்பது, எப்.எஸ்.சி.கே. கமாண்டை ஓட்டுவது (விண்டோஸ் என்றால் செக் டிஸ்க்), உபுண்டு யு.எஸ்.பி.யில் பூட் செய்து டிஸ்க் ஐகானில் கிளிக் செய்வது. கடைசியாகச் சொன்னது ஆபத்தில்லாதது போலத் தோன்றும். ஆனால் கிளிக் செய்தவுடன் டிஸ்க் எழுதும் நிலையில் இணைக்கப்படும். எக்ஸ்ட்4 வகை டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று இணைத்தாலும், முடிக்காமல் விட்ட வேலைகளை ஜர்னலிலிருந்து எடுத்து அது எழுதி முடிக்கும். நோலோட் என்ற ஆப்ஷனும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த எழுத்து நிற்கும்.

சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் தொகுப்பை ஒரு யு.எஸ்.பி. டிரைவில் எப்போதும் வைத்திருக்கிறேன். அதில் பூட் செய்து, ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் மூலம் டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தேன். அதில் நிறைய எண்கள் வரும்; வீட்டில் பயன்படுத்துபவர்கள் இரண்டைப் பார்த்தால் போதும். 5ஆம் எண் வரிசை, இதுவரை ஒதுக்கித் தள்ளப்பட்ட செக்டார்கள் எத்தனை என்று சொல்லும். 197ஆம் எண் வரிசை, படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் செக்டார்களைச் சொல்லும். இரண்டுமே பூஜ்யமாக இருப்பது நல்லது. இங்கே 197ல் 16 இருந்தது. டிஸ்க் பிழைத்திருக்கிறது, ஆனால் நோஞ்சான். இதன் மீது எப்.எஸ்.சி.கே. ஓட்டியிருந்தால், படிக்க முடியாத இடத்தில் ஒரு போல்டரின் விவரம் இருக்கும் பட்சத்தில், அந்தப் போல்டர் முழுவதும் சிதறிப் போயிருக்கலாம்.

எனவே புதிய டிஸ்க் வாங்கிவரச் சொன்னேன். 2 டி.பி.க்குப் பதில் 4 டி.பி. நகல் எடுக்கும் டிஸ்க், மூலத்தை விட ஒரு செக்டார் கூடக் குறைவாக இருக்கக் கூடாது. இன்னொரு ஸ்டூடியோவிலிருந்து நல்ல யு.பி.எஸ். ஒன்றும் இரவலாக வந்தது. இது ஆடம்பரம் இல்லை. நகல் நடுவில் மீண்டும் கரண்ட் போனால் கதை முடிந்துவிடும்.

நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்னும் புரோகிராமைப் பயன்படுத்தினேன். சாதாரண காப்பி, முதல் பழுதிலேயே நின்றுவிடும் அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். இது அப்படியல்ல. நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில்தான் திரும்பி வந்து அவற்றை முயலும். எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்பதை மேப் பைல் என்ற ஒன்றில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. யு.எஸ்.பி.யில் பூட் செய்த சிஸ்டம் ராமில் வாழ்கிறது. மேப் பைலை அங்கேயே விட்டால் கம்ப்யூட்டர் நின்றதும் அதுவும் போய்விடும். அதை இன்னொரு யு.எஸ்.பி. டிரைவில் சேவ் ஆகும்படி கொடுக்க வேண்டும். எது மூலம், எது நகல் என்று இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டவும். வரிசை மாறினால் காலி டிஸ்க்கைக் கொண்டு படங்களை அழித்தவர் ஆவீர்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுவது என் வழக்கம்.

விநாடிக்கு 120 எம்.பி. வேகத்தில் 2 டி.பி. நகலாக ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அன்றும் அப்படித்தான் ஆனது. பின்னர் பழுதான இடங்களை மூன்று முறை முயலும்படி விட்டேன். பதினாறில் ஒன்பது செக்டார்கள் மீண்டன. ஏழு மீளவில்லை. தலா 4096 பைட். மொத்தம் 28 கே.பி. 2 டி.பி.யில் 28 கே.பி. என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இப்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சு நகல் என்பதால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கும். இரண்டையும் மாட்டிச் சர்வரை ஓட்டினால், எது இணைகிறது என்பது சிஸ்டத்தின் மனதைப் பொறுத்தது.

புதிய டிஸ்க்கில் முதலில் எப்.எஸ்.சி.கே. கமாண்டைச் சிறு கோடு என் என்ற ஆப்ஷனுடன் ஓட்டினேன். இது எதையும் எழுதாது; என்னென்ன தவறு என்று மட்டும் சொல்லும். பட்டியல் சிறியதாக இருந்ததால், பின்னர் திருத்தும்படி ஓட்டினேன். டீபக்எப்எஸ் என்ற கருவியைக் கொண்டு, வராத செக்டார்கள் எந்தெந்தப் பைலுக்கு உரியவை என்று பார்த்தேன். நான்கு, காலி இடத்தில் இருந்தவை. மூன்று, அந்தத் திருமணத்தின் மூன்று ரா பைல்களில் இருந்தன. கேமராவில் ரா, ஜேபெக் இரண்டும் சேவ் ஆகும்படி வைத்திருந்ததால் அந்த மூன்றுக்கும் ஜேபெக் நன்றாகவே இருந்தது. தாலி கட்டும் படங்கள் எல்லாம் அப்படியே திறந்தன. உரிமையாளர் அவற்றை மட்டும் நான்கைந்து முறை திறந்து திறந்து மூடினார்.

மீண்டும் அப்படியே நிற்காமல் இருக்க

பெட்டியில் புதிய டிஸ்க்கை மாட்டிய பின்னர், எப்.எஸ்.டேப் பைலில் படங்கள் டிஸ்க், காப்பி டிஸ்க் இரண்டுக்கும் உரிய வரிகளில் நோபெயில் என்ற சொல்லைச் சேர்த்தேன். ஏற்கனவே உள்ள ஆப்ஷனுக்குப் பின் ஒரு கமா போட்டு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இனி அந்த டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழும். நெட்வொர்க் மூலமாவது உள்ளே சென்று பார்க்கலாம்.

இந்த அறிவுரையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். இதோடு வரும் வில்லங்கத்தைச் சொல்பவர்கள் குறைவு. டிஸ்க் இணையாமல் சர்வர் எழுந்தால், அது இணைய வேண்டிய போல்டர் காலியாக எஸ்.எஸ்.டி.யில் அப்படியே இருக்கும். இரவு காப்பி கமாண்ட் வந்து, 2 டி.பி. டிஸ்க் இருக்கிறது என்று நினைத்து, 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் படங்களைக் கொட்டத் தொடங்கும். விடிவதற்குள் எஸ்.எஸ்.டி. நிரம்பிவிடும். நிரம்பிய டிஸ்க்கில் மை எஸ்.க்யூ.எல். எழாது, லாக் எழுத முடியாது, மறுநாள் "சர்வர் ஆன் ஆகவில்லை" என்று புதிய போன் வரும். அதனால் காப்பி செய்யும் ஸ்கிரிப்டின் முதல் வரியில், அந்தப் போல்டரில் டிஸ்க் உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்று மவுண்ட்பாயிண்ட் கமாண்ட் மூலம் சோதிக்க வேண்டும். இல்லை என்றால் நின்றுவிட வேண்டும்.

பயாஸில் கீ போர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் போகும்படி அமைத்தேன். கரண்ட் வந்தவுடன் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் போட்டேன். பேட்டரி மீண்டும் போனால் இரண்டும் மறந்துபோகும் என்பது வேறு விஷயம்.

எழுந்தும் வேலை செய்யாதபோது

சர்வர் எழுந்து, லாகின் கேட்டு, ஆனால் பைல்களோ வெப் பக்கமோ வராவிட்டால் அது கடைசிப் படி. இதை விரைவாகப் பார்த்துவிடலாம். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று டைப் செய்து, அருகில் அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்தால், ஏன் விழுந்தது என்று கடைசி சில வரிகள் காட்டும். அங்கே நான் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் மிகச் சில. போர்ட் 80ஐ ஏற்கனவே வேறொரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கும்; அப்பாச்சி இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ என்ஜின்எக்ஸையும் பதிந்திருப்பார்கள். டிஸ்க் நிரம்பியிருக்கும், டிஎப் கமாண்ட் சொல்லிவிடும். கான்பிகரேஷன் பைலில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். சம்பாவுக்கு டெஸ்ட்பார்ம், அப்பாச்சிக்கு அப்பாச்சிசிடிஎல் கான்பிக்டெஸ்ட் என்று தனித்தனிச் சோதனைக் கமாண்டுகள் உள்ளன. இவை பெரும்பாலும் எந்த வரியில் தவறு என்று காட்டிவிடுவதால், பைலை நாமே கண்ணால் தேடிக் களைக்க வேண்டியதில்லை.

சேவைகளுக்காகச் சர்வரை ரீ ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விழுந்த சேவையை மட்டும் தொடங்கினால் போதும். எட்டு மாதம் ஓடிய டிஸ்க்கை நிறுத்திப் போடுவது ஒரு சோதனைதான். அதை நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில், காப்பி சரியாக இருக்கிறது என்று பார்த்த பின்னர் செய்யுங்கள். ஸ்டூடியோக்காரருக்கு மாதத்தின் முதல் ஞாயிறு என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று காப்பி டிஸ்க்கில் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்ப்பார், ஸ்மார்ட்சிடிஎல் எண்களைத் தாளில் குறிப்பார், பிறகு சர்வரை முறைப்படி நிறுத்திப் போடுவார். யு.பி.எஸ். பிளக்கை ஒரு நிமிடம் உருவிப் பார்ப்பதும் அதே நாளில்தான். ஆனால் சர்வர் நிறுத்தத்தில் இருக்கும்போது, ஒரு டேபிள் பேனை அதில் மாட்டி.

கார்டுகளை அழிப்பது பற்றியும் பேசினோம். ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து இன்னும் நான்கு கார்டுகள் வாங்கியிருக்கிறார். அந்தப் பழைய டிஸ்க் நிலையான மின்சாரம் தாக்காத உறையில், தேதியும் "16 செக்டார், எழுத வேண்டாம்" என்ற குறிப்பும் ஒட்டப்பட்டு, அவருடைய பீரோவில் உள்ளது.